முதல் நட்சத்திரம்

போன மாசம் கடலை பிடுங்கினோம். காய் ஆய ஆள் கிடைக்கலை. தங்கச்சி மகன் காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். அவனையும் இழுத்துக் களத்துல உட்கார வச்சாச்சு. வெள்ளையும் வெளிர்நீலமுமா பட்டை பட்டையா ஒரு பனியன் போட்டிருந்தான். முதுகுல மெஸ்ஸி, கீழே 10. நெஞ்சுல இருந்த சின்னத்துக்கு மேல மூணு நட்சத்திரம்.

"மாப்ள, அது என்ன மூணு நட்சத்திரம்?"

"அர்ஜென்டினா மூணு தடவை உலகக்கோப்பை ஜெயிச்சிருக்கு மாமா. 1978, 1986, 2022."

2022 எனக்குத் தெரியும். நடுராத்திரி இவனுங்க வெடிச்ச பட்டாசுல எங்க மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடிடுச்சு. 1986-ம் தெரியும். பஞ்சாயத்து டிவி முன்னாடி உட்கார்ந்து மாரடோனாவைப் பார்த்த கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்த முதல் நட்சத்திரம் என்ன கதைன்னு கேட்டேன்.

"அது அவங்க ஊர்லயே நடந்துச்சு மாமா. கெம்பஸ்னு ஒருத்தர் கோல் அடிச்சாராம். அவ்ளோதான் தெரியும்."

எங்களுக்கு இப்ப ராத்திரி முறை கரண்ட். மோட்டாரைப் போட்டுட்டு மடை திருப்புற நேரம் போக மீதி நேரம் வரப்புல சும்மாதான் உட்கார்ந்திருக்கணும். போன் கையில இருக்கு. பத்து நாள் ராத்திரி அந்த முதல் நட்சத்திரத்தைப் பத்தியே படிச்சேன். பத்தாவது நாள் ஒரு வயல்ல தண்ணி நிரம்பி அடுத்த வயலுக்கு உடைச்சுக்கிட்டு ஓடினதுகூடத் தெரியாம உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதுறேன். இது வெறும் பந்தாட்டக் கதை இல்லை.

1978-ல உலகக்கோப்பை அர்ஜென்டினாவுலதான்னு 1966-லயே முடிவாகிடுச்சு. அப்ப யாருக்கும் தெரியாது, 78 வரும்போது அந்த நாட்டை யார் ஆளுவாங்கன்னு. 1976 மார்ச் 24-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. இசபெல் பெரோன் அம்மாவை இறக்கிட்டு தரைப்படை, கடற்படை, விமானப்படைன்னு மூணு தளபதிங்க உட்கார்ந்தாங்க. தரைப்படைத் தளபதி ஜெனரல் விடேலா ஜனாதிபதி ஆனார். அன்னிக்கு ரேடியோவுலயும் டிவியிலயும் வழக்கமான நிகழ்ச்சி எல்லாத்தையும் நிறுத்திட்டு ராணுவ அறிவிப்பா வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுத்தாங்க. அர்ஜென்டினா அணி போலந்து நாட்டுக்குப் போய் ஆடுற மேட்ச். அதை மட்டும் ஜனங்க பார்க்கலாம், கேட்கலாம்.

ஆட்சியைப் பிடிச்ச முதல் நாளே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க, இந்த ஜனங்களை எதை வச்சுக் கட்டிப் போடலாம்னு.

அதுக்கப்புறம் ஆள் தூக்க ஆரம்பிச்சாங்க. ஆயுதம் எடுத்தவங்களைப் பிடிக்கிறோம்னு சொன்னாங்க. ஆனா தூக்கினது தொழிற்சங்கக்காரங்க, காலேஜ் பிள்ளைங்க, வாத்தியாருங்க, வக்கீலுங்க, குடிசைப் பகுதியில வேலை செஞ்ச பாதிரியாருங்கன்னு எல்லாரையும்தான். ராத்திரியில கார் வரும், ஆள் போயிடும். ஸ்டேஷன்ல கேட்டா "அப்படி யாரும் இங்க இல்லை." கேஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, பொணம்கூடக் கிடையாது. காணாமல் ஆக்கப்பட்டவங்க. அந்த ஆட்சி முடிஞ்ச பிறகு 1984-ல விசாரணைக் குழு கிட்டத்தட்ட 9,000 பேரைப் பதிவு பண்ணுச்சு. மனித உரிமை அமைப்புங்க 30,000 பேர்னு சொல்றாங்க.

நம்ம நாட்டுலயும் அவசரநிலை முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயசு. உலகத்துல அப்படி ஒரு ஊர் இருக்குன்னுகூடத் தெரியாது.

ராணுவம் வந்ததும் உலகக்கோப்பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. மைதானம் கட்டுறது, விமான நிலையம், ரோடு, கலர் டிவி நிலையம்னு பணம் தண்ணியா ஓடுச்சு. 50 கோடி டாலருக்கு மேலன்னு சொல்றாங்க. ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைவரா இருந்த ஜெனரல் ஆக்டிஸ் சிக்கனமா நடத்தணும்னு நினைச்சவர். 1976 ஆகஸ்ட்ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. கொரில்லாக்கள் செஞ்சதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு. கடற்படை ஆட்கள்தான்னு பலர் சந்தேகப்பட்டாங்க. அவர் போனதும் கணக்கு வழக்கு எல்லாம் கடற்படை அதிகாரி கைக்குப் போச்சு. வெளிநாட்டுல பேரைச் சரி பண்ண அமெரிக்க விளம்பரக் கம்பெனி ஒண்ணையும் கூலிக்குப் பிடிச்சாங்க. வெள்ளைக்காரன் கண்ணுல படக் கூடாதுன்னு குடிசைங்களை இடிச்சாங்க. பெரிய மனுசன் ஊருக்கு வர்றாருன்னா ரோட்டோரக் குப்பைக்குத் தட்டி கட்டி மறைப்பாங்களே, அந்த வேலைதான்.

இந்த இடத்துல சில அம்மாக்களைப் பத்திச் சொல்லணும்.

1977 ஏப்ரல் 30-ம் தேதி, தலைநகரம் புவெனஸ் அயர்ஸ்ல ஜனாதிபதி மாளிகைக்கு எதிர்ல இருக்கிற மாயோ சதுக்கத்துல 14 பொம்பளைங்க வந்து நின்னாங்க. எல்லாரும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. பெரும்பாலும் வீட்டு வேலை பார்த்துக்கிட்டிருந்தவங்க, அரசியல் தெரியாதவங்க. கூட்டமா நிக்கக் கூடாது, நடந்துக்கிட்டே இருங்கன்னு போலீஸ் விரட்டுச்சு. சரின்னு நடக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சதுக்கத்துத் தூணைச் சுத்திச் சுத்தி நடந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வர ஆரம்பிச்சாங்க. ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரிஞ்சுக்கத் தலையில வெள்ளைத் துணி கட்டிக்கிட்டாங்க. அது என்ன துணி தெரியுமா? பிள்ளைங்க கைக்குழந்தையா இருக்கும்போது இடுப்புல கட்டின துணி.

'பைத்தியக்காரிங்க'ன்னு அரசாங்கம் பேர் வச்சது. இதை முன்ன நின்னு ஆரம்பிச்ச அசுசேனா வில்லாஃப்ளோர் அம்மாவை அந்த வருஷம் டிசம்பர்லயே தூக்கிட்டாங்க. மயக்க ஊசி போட்டு விமானத்துல ஏத்தி உயிரோட கடல்ல வீசினாங்க. கரையில ஒதுங்கின உடம்புகளைப் பேரில்லாமப் புதைச்சிருந்தாங்க. அதுல அவங்க எலும்பும் இருக்குன்னு 2005-லதான் தெரிஞ்சது. பிள்ளையைத் தேடிப்போன தாயும் காணாமப் போனாங்க. அப்பவும் மத்தவங்க வியாழக்கிழமை வர்றதை நிறுத்தலை.

1978 ஜூன் 1-ம் தேதி உலகக்கோப்பை தொடக்க விழா. அன்னிக்கும் வியாழக்கிழமைதான்.

மைதானத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க அழகா வரிசை கட்டி உடற்பயிற்சி செஞ்சாங்க. விடேலா எழுந்து சமாதானத்தைப் பத்திப் பேசினார். அதே நேரம் சதுக்கத்துல அம்மாக்கள் சுத்திக்கிட்டிருந்தாங்க. நெதர்லாந்து டிவிக்காரங்க கேமராவைத் தூக்கிக்கிட்டு அங்க போயிட்டாங்க. ஒரு அம்மா கேமராவைப் பார்த்து அழுதுக்கிட்டே கேட்கிறாங்க. எங்க பிள்ளைங்க உயிரோட இருக்காங்களா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும், நீங்கதான் எங்களுக்குக் கடைசி நம்பிக்கைன்னு. அந்த வீடியோ இன்னிக்கும் இருக்கு. பாஷை புரியலைன்னாலும் பார்க்கலாம். வவுனியாவுலயும் கிளிநொச்சியிலயும் போட்டோவை மடியில வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கிற நம்ம அம்மாக்களைப் பார்த்தவங்களுக்கு அந்த முகம் பழகின முகமாத்தான் இருக்கும்.

சரி, ஆட்டத்துக்கு வர்றேன். ஆட்டக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவங்க நல்லாத்தான் ஆடினாங்க.

கோச் பேரு மெனோட்டி. ஒல்லியான ஆளு, தோள் வரைக்கும் முடி, வாயில எப்பவும் சிகரெட். இடதுசாரிக் கொள்கைக்காரர். ராணுவ ஆட்சியில இவர் எப்படிக் கோச்சா இருந்தார்னு இன்னிக்கும் சண்டை போடுறாங்க. 17 வயசுப் பையன் ஒருத்தன் அப்பவே பிரமாதமா ஆடிக்கிட்டிருந்தான், அவனைச் சின்னப் பையன்னு கடைசி நேரத்துல அணியில இருந்து எடுத்துட்டார். அந்தப் பையன்தான் மாரடோனா. வெளிநாட்டு கிளப்புல ஆடிக்கிட்டிருந்த ஒரே ஆளா மாரியோ கெம்பஸைக் கூப்பிட்டுக்கிட்டார். ஸ்பெயின்ல வலென்சியாவுக்கு ஆடிக்கிட்டிருந்தவர் அவர்.

முதல் சுத்துல ஹங்கேரியை 2-1, பிரான்ஸை 2-1ன்னு ஜெயிச்சாங்க. இத்தாலிகிட்ட 0-1 தோத்தாங்க. முன்கள ஆட்டக்காரர் லூக்கேவுக்கு பிரான்ஸ் மேட்ச்ல முழங்கை மூட்டு விலகிடுச்சு. அதே நாள், அந்த மேட்சைப் பார்க்கக் கிளம்பி வந்த அவரோட தம்பி கார் விபத்துல செத்துப் போயிட்டார். தம்பியை அடக்கம் பண்ணிட்டு வந்து, கையில கட்டோட அடுத்த சுத்துல ஆடினார் மனுசன்.

கெம்பஸ் முதல் மூணு மேட்ச்ல ஒரு கோல்கூட அடிக்கலை. மீசையை எடுத்துப் பாரேன்னு மெனோட்டி சொன்னாராம். மீசையை எடுத்தார். இரண்டாம் சுத்து ரொசாரியோ ஊர்ல. அவர் முன்ன ஆடி வளர்ந்த ஊர் அது. போலந்துக்கு எதிரா 2 கோல். பிரேசிலோட 0-0. இதை மூடநம்பிக்கைன்னு சொல்றவங்க சொல்லுங்க. கன்னி மூலையில மண்வெட்டியை வச்சு விதைக்கிறவன் நான், எனக்குத் தப்பாத் தெரியலை.

அப்புறம் பெரு நாட்டோட மேட்ச், ஜூன் 21. இங்கதான் சந்தேகம் ஆரம்பிக்குது. பிரேசில் அன்னிக்கு முன்னாடியே ஆடி முடிச்சு போலந்தை 3-1 ஜெயிச்சிட்டாங்க. அதனால அர்ஜென்டினாவுக்குக் கணக்கு நல்லாத் தெரியும். நாலு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சா பைனல், இல்லைன்னா கிடையாது. ஆட்டத்துக்கு முன்னாடி விடேலா, அமெரிக்காவோட முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரையும் கூட்டிக்கிட்டுப் பெரு ஆட்டக்காரங்க உடை மாத்துற அறைக்கே போனார். 'சகோதர நாடு'ன்னு நாலு வார்த்தை பேசிட்டு வந்தார். அர்ஜென்டினா 6-0 ஜெயிச்சது. பெருவோட கோல்கீப்பர் பிறந்ததே அந்த ரொசாரியோவுலதான்.

இதுக்குப் பதிலா பெருவுக்குக் கப்பல் கப்பலாக் கோதுமை போச்சு, கடன் உதவி போச்சுன்னு பின்னாடி பத்திரிகையில எழுதினாங்க. பெரு ஆட்டக்காரங்க பல பேர் இல்லவே இல்லைன்னு மறுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் நிரூபணம் ஆகலை. அதனால நானும் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வெளைய வச்ச கோதுமை எந்தக் கப்பல்ல, எதுக்காக ஏறுதுன்னு வெளைய வச்சவனுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல நான் போடுற தக்காளி எந்த ஊருக்குப் போகுதுன்னு எனக்கே தெரியாது.

இந்தச் சோகத்துக்கு நடுவுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் காகிதம். அர்ஜென்டினா ஜனங்களுக்கு ஒரு பழக்கம். அணி மைதானத்துக்குள்ள வரும்போது பழைய பேப்பரைக் கிழிச்சுக் கிழிச்சு வீசுவாங்க. நாம சாமி ஊர்வலத்துல பூ வீசுற மாதிரி. முன்ஞோஸ்னு பிரபலமான ரேடியோ வர்ணனையாளர், "வெளிநாட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க, குப்பை போடாதீங்க"ன்னு பிரசாரம் பண்ணினார். 'கிளாரின்' பத்திரிகையில கலோய்னு ஒரு கார்ட்டூன்காரர். அவர் வரைஞ்ச கிளெமென்டேங்கிற பொம்மை தினமும் எதிர்ப்பாட்டு பாடுச்சு. போடுங்க, நல்லாப் போடுங்கன்னு. பேச முடியாத நாடு. ஒரு கார்ட்டூன் பொம்மைதான் எதிர்த்துப் பேசுது. ஜனங்க பொம்மை பேச்சைக் கேட்டாங்க. ஒவ்வொரு மேட்சுக்கும் காகிதம் கூடிக்கிட்டே போச்சு. பைனல் அன்னிக்கு மைதானத்துல புல்லே தெரியலை, பனி பேஞ்ச மாதிரி இருந்துச்சு. எத்தனை பேரைத்தான் பிடிப்பாங்க?

ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. மொனுமென்டல் மைதானம். 71,000 பேருக்கு மேல கூட்டம். அங்க அது குளிர்காலம், எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டிருக்காங்க. எதிரணி நெதர்லாந்து. 1974-ல மேற்கு ஜெர்மனியில நடந்த பைனல்லயும் போட்டி நடத்தின நாட்டுக்கிட்டயே தோத்த அணி. அவங்களோட பெரிய ஆட்டக்காரர் க்ரைஃப் இந்தத் தடவை வரலை.

ஆட்டத்துக்கு முன்ன, தன்னோட ஆட்டக்காரங்ககிட்ட மெனோட்டி ஒரு விஷயம் சொன்னார். மேடையில உட்கார்ந்திருக்கிற பெரிய மனுசங்களைப் பார்க்காதீங்க, சுத்தி நிக்கிற ஜனங்களைப் பாருங்க, அதுல கசாப்புக்கடைக்காரர் இருப்பார், ரொட்டி சுடுறவர் இருப்பார், டாக்சி ஓட்டுறவர் இருப்பார், அவங்களுக்காக ஆடுங்க, அப்படின்னு.

அர்ஜென்டினா வேணும்னே அஞ்சு நிமிஷம் தாமதமா வந்தாங்க. வந்ததும் நெதர்லாந்து ஆட்டக்காரர் ரெனே வான் டி கெர்க்கோஃப் கையில போட்டிருந்த மாவுக்கட்டைக் காட்டித் தகராறு. அதே கட்டோட அவர் முன்ன ஆடியிருக்கார், அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலை. நெதர்லாந்துக்காரங்க வெளியே போயிடுவோம்னு கோபப்பட்டாங்க. கட்டு மேல இன்னொரு துணியைச் சுத்தி ஒருவழியா ஆட்டம் ஆரம்பிச்சது.

38-வது நிமிஷம் கெம்பஸ் முதல் கோல். 82-வது நிமிஷம் வரைக்கும் 1-0. மாத்து ஆளா வந்த நன்னிங்கா தலையால முட்டி 1-1 ஆக்கினார். கடைசி நிமிஷத்துல நெதர்லாந்தோட ரென்சென்பிரிங்க் பந்தைத் தட்டிவிட்டார். கோல்கீப்பர் ஃபில்லோலைத் தாண்டிப் போச்சு. கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு.

நாலு விரக்கடை உள்ளே போயிருந்தா சரித்திரமே வேற. தோத்திருந்தா அந்த ஆட்சி அப்பவே விழுந்திருக்கும்னு சிலர் சொல்றாங்க, கோபத்துல இன்னும் நாலு பேரைக் கொன்னிருப்பாங்கன்னும் சிலர் சொல்றாங்க. யார் கண்டா.

கூடுதல் நேரம். 105-வது நிமிஷம் கெம்பஸ் மறுபடியும் உள்ளே புகுந்தார். கோல்கீப்பர் மேல பட்டு எகிறின பந்தைக் கும்பலுக்கு நடுவுல தள்ளிவிட்டார். 2-1. கடைசியில பெர்டோனி ஒண்ணு. 3-1. மொத்தம் 6 கோல் அடிச்சு அந்தப் போட்டியிலயே அதிகம் அடிச்சவர் கெம்பஸ்தான். கேப்டன் பசரெல்லா கையில விடேலாவே கோப்பையைக் கொடுத்தார். ராத்திரி நடந்த விருந்துக்கு நெதர்லாந்துக்காரங்க போகலை.

அன்னிக்கு எடுத்த ஒரு போட்டோ உண்டு. ஆட்டம் முடிஞ்சதும் டரன்டினி முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கார், ஃபில்லோல் அவரைக் கட்டிப் பிடிச்சிருக்கார். வேலியைத் தாண்டி ஓடி வந்த ரசிகர் ஒருத்தர் ரெண்டு பேரையும் அணைக்கக் குனியிறார். அவருக்கு ரெண்டு கையும் கிடையாது. ஸ்வெட்டரோட காலிக் கை ரெண்டும் ஆடி முன்னால வந்து அவங்களைத் தொடுற மாதிரி இருக்கு. 'ஆன்மாவின் அணைப்பு'ன்னு அதுக்குப் பேர். அதைப் பார்த்தா அந்தச் சந்தோஷம் பொய்யின்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஆனா அந்த மைதானத்துல இருந்து நடந்து போகிற தூரத்துல கடற்படை மெக்கானிக் பள்ளின்னு ஒரு கட்டடம் இருந்துச்சு. சுருக்கமா 'எஸ்மா'ம்பாங்க. வெளியே வெள்ளைத் தூண், நல்ல தோட்டம். உள்ளே சித்திரவதை முகாம். அந்த ஆட்சிக்காலம் முழுக்கக் கிட்டத்தட்ட 5,000 பேரை அங்க கொண்டு போயிருக்காங்க. உயிரோட வெளியே வந்தவங்க ரொம்பக் கொஞ்சம். கண்ணைக் கட்டி, காலுக்கு விலங்கு போட்டு, மேல் மாடியில தரையில படுக்க வச்சிருந்தாங்க. கோல் விழும்போது மைதானத்துல எழும்பின சத்தம் அவங்களுக்கும் கேட்டிருக்கு.

அன்னிக்குச் சில கைதிகளை டிவி முன்னாடி உட்கார வச்சு மேட்ச் பார்க்க விட்டாங்க. அடிச்சவனும் அடி வாங்கினவனும் ஒரே டிவியில ஒரே கோலைப் பார்த்தாங்க. ஜெயிச்சதும் முகாமோட அதிகாரி ஒருத்தர் உள்ளே வந்து "ஜெயிச்சுட்டோம், ஜெயிச்சுட்டோம்"னு கத்திக்கிட்டே கைதிகளைக் கட்டிப் பிடிச்சார். அங்க இருந்த ஒரு பெண் கைதி உயிரோட வெளியே வந்து பின்னாடி சாட்சி சொன்னாங்க. இவங்க ஜெயிச்சாங்கன்னா நாங்க தோத்துட்டோம்னு அந்த நேரத்துல மனசுல பட்டுச்சாம்.

அதோட விடலை. கைதிகளைக் கார்ல ஏத்தி ஊர்வலம் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. ரோடெல்லாம் ஜனம், கொடி, பாட்டு. அந்தப் பெண் கார் மேல் திறப்பு வழியா எழுந்து நின்னு பார்த்தாங்க. நான் கடத்தப்பட்டவள்னு இப்பக் கத்தினா என்ன ஆகும்னு யோசிச்சாங்களாம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்கன்னு புரிஞ்சது. லட்சம் பேர் கத்துற ஊர்ல ஒருத்தி கத்தினா அதுவும் சந்தோஷமாத்தான் கேட்கும்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு வந்துடுச்சு. எங்க ஊர் மாரியம்மன் திருவிழா, வள்ளி திருமணம் நாடகம். புளியமரத்துல ரெண்டு குழாய் ரேடியோ கட்டியிருந்தாங்க. குடும்பத்தோட விடிய விடிய உட்கார்ந்து பார்த்தோம். காலையில தோட்டத்துக்குப் போனா, ஈத்து மாடு கிணத்து மேட்டுல நின்னுக்கிட்டிருக்கு. குரலே இல்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடுது. கன்னுக்குட்டி கிணத்துக்குள்ள மிதக்குது. ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கு. நாங்க இருந்தது கூப்பிடு தூரம்தான். எங்கம்மா ரொம்ப நாள் அதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க, "நாம சிரிச்சுக்கிட்டிருந்த நேரத்துல அது கத்தியிருக்குடா"ன்னு.

நாடகம் பார்த்தது தப்பா? தப்பு இல்லைன்னுதான் இன்னிக்கும் நினைக்கிறேன். ஆனா எங்க கன்னு தானா விழுந்தது. புவெனஸ் அயர்ஸ்ல பிள்ளைகளைத் தள்ளிவிட்டவங்களே குழாய் ரேடியோவையும் கட்டினாங்க. வித்தியாசம் அதுதான்.

பைனலுக்கு மறுநாள், ஜூன் 26, திங்கட்கிழமை. ஊரெல்லாம் காகிதக் குப்பை கிடக்கிற நாள். அன்னிக்கு லாரா கார்லோட்டோன்னு ஒரு கைதிக்கு ஆண் குழந்தை பிறந்துச்சு. லா பிளாட்டா ஊர்ல சரித்திரம் படிச்ச பொண்ணு. 1977 நவம்பர்ல தூக்கினப்ப ரெண்டரை மாசக் கர்ப்பிணி. கையில விலங்கோடயே பிரசவம். அப்பா பேரான கிடோங்கிற பேரைப் பிள்ளைக்கு வச்சா. சில மணி நேரம்தான் கூட வச்சிருக்க விட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 25-ல, அவளைச் சுட்டுக் கொன்னு உடம்பைக் குடும்பத்துக்கிட்டக் கொடுத்தாங்க. குழந்தையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை.

லாராவோட அம்மா எஸ்டெலா. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. பேரன் பிறந்தான்னு முகாம்ல இருந்து தப்பி வந்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சது. 1985-ல மகள் உடம்பைத் தோண்டி எடுத்துப் பரிசோதிச்சப்ப, பிள்ளை பெத்தவதான்னு எலும்பே சொல்லுச்சு. இந்த மாதிரி முகாம்ல பிறந்த குழந்தைங்க 500 பேர் வரை இருக்கும்னு கணக்கு. ராணுவக் குடும்பங்களுக்கும் வேண்டியவங்களுக்கும் கொடுத்துட்டாங்க. இந்தப் பேரப்பிள்ளைங்களைத் தேடுறதுக்குன்னே மாயோ சதுக்கத்துப் பாட்டிகள்னு ஒரு அமைப்பு. எஸ்டெலா பாட்டி அதோட தலைவி ஆனாங்க. அப்பா அம்மா உயிரோட இல்லாதப்ப, பாட்டி ரத்தத்தை வச்சே பேரனைக் கண்டுபிடிக்கிற முறையை இவங்க போய்க் கேட்டுத்தான் விஞ்ஞானிங்க உருவாக்கினாங்க. 1987-ல அரசாங்கமே மரபணு வங்கி ஆரம்பிச்சது.

ராணுவ ஆட்சி 1982-ல ஃபாக்லண்ட் தீவுச் சண்டையில பிரிட்டன்கிட்ட தோத்து, 1983 கடைசியில போயிடுச்சு. கோப்பை வாங்கிக் கொடுத்த மவுசு அஞ்சு வருஷம்தான். 1985-ல விடேலாவுக்கு ஆயுள் தண்டனை. 1990-ல மன்னிப்பு. மறுபடி வழக்கு, 2012-ல குழந்தைத் திருட்டுக்காக 50 வருஷம். 2013-ல ஜெயில்லயே செத்தார். எஸ்மா இப்ப நினைவிடம், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்க.

ஆட்டக்காரங்க என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. கோப்பை ஜெயிச்சும் நிம்மதி இல்லை. சர்வாதிகாரிக்கு ஆடினவங்கன்னு பழிச்சொல். எங்களுக்குத் தெரியாதுன்னு பல பேர் சொன்னாங்க. 2008-ல, 30 வருஷம் கழிச்சு, எஸ்மாவுல இருந்து அதே மைதானத்துக்கு ஒரு ஊர்வலம் நடந்துச்சு. காணாமப் போனவங்க குடும்பத்தோட அந்த அணியைச் சேர்ந்த சிலரும் மைதானத்துக்குள்ள வந்தாங்க. அதுல ஒருத்தர் லூக்கே. தம்பியைப் பறிகொடுத்துட்டு ஆடினவர். இழப்புன்னா என்னன்னு அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்ப நம்ம மாப்ள பனியனுக்கு வர்றேன். 2014 உலகக்கோப்பை சமயம் அந்தப் பாட்டிகளோட சேர்ந்து மெஸ்ஸி, மஸ்செரானோ, லவெஸி மூணு பேரும் ஒரு விளம்பரத்துல நடிச்சாங்க. நீ யாருன்னு உனக்குச் சந்தேகம் இருந்தா வா, பத்து உலகக்கோப்பையா உன்னைத் தேடிக்கிட்டிருக்கோம்ங்கிறது அதோட சேதி. 78-ல இருந்து எண்ணிப் பாருங்க, 2014 பத்தாவது.

அந்த வருஷம்தான், ஒலாவரியாங்கிற ஊர்ல பியானோ வாசிக்கிற ஒருத்தருக்குத் தான் வளர்ப்புப் பிள்ளைன்னு தெரிய வந்துச்சு. வளர்த்தவங்க பண்ணையில கூலி வேலை பார்த்த விவசாயக் குடும்பம், பிள்ளை இல்லாதவங்க. பண்ணை முதலாளி குழந்தையைக் கொண்டு வந்து கொடுத்திருக்கார். அவர் தானாவே பாட்டிகள் அமைப்புக்குப் போய் ரத்தம் கொடுத்தார். ஆகஸ்ட் 5-ம் தேதி முடிவு வந்துச்சு. எஸ்டெலா பாட்டியோட பேரன். பைனலுக்கு மறுநாள் பிறந்த கிடோ. பாட்டிகள் கண்டுபிடிச்ச 114-வது பேரப்பிள்ளை. பேரனுக்கு 36 வயசு, பாட்டிக்கு 83.

நாத்தங்கால்ல இருந்து பிடுங்கி எந்த வயல்ல நட்டாலும் நாத்துக்கு ஒண்ணும் தெரியாது, வேர் பிடிச்சு வளர்ந்துடும். நட்டவங்களும் பாசமாத்தான் வளர்த்திருக்காங்க. ஆனா விதை எந்த வீட்டுதுன்னு நெல்லைக் கையில வாங்கினா தெரியும் இல்லையா. அந்தப் பையனோட குடும்பத்துலயும் இசைக்காரங்க உண்டாம். இதுவரைக்கும் 130 பேருக்கு மேல கிடைச்சிருக்காங்க. மீதி முன்னூத்துச் சொச்சம் பேர் எங்கேயோ, தான் யாருன்னு தெரியாம, ஐம்பது வயசை நெருங்கிக்கிட்டிருக்காங்க. அதுல பல பேர் 2022-ல அந்த நீலப்பட்டை பனியனைப் போட்டுக்கிட்டுத் தெருவுல ஆடியிருப்பாங்க.

கடலை ஆயுற கடைசி நாள் மாப்ளகிட்ட இதெல்லாம் சொன்னேன். கையில இருந்த கொடியைக் கீழே வச்சுட்டுக் கேட்டான். அப்புறம் பனியனைக் குனிஞ்சு பார்த்தான்.

"அப்ப இந்த முதல் நட்சத்திரத்தை எடுத்துடணுமா மாமா?"

"எதுக்கு எடுக்கணும்? கெம்பஸ் அடிச்சது கோல்தான்டா. அதை அந்த ஜனங்க ஜெயிச்சாங்க. போட்டுக்க. எதுக்குன்னு யாராவது கேட்டா முழுசாச் சொல்லு, அது போதும்."

தலையாட்டினான். அன்னிக்குச் சாயங்காலம் பனியனைத் தானே துவைச்சுக் கொடியில காயப் போட்டான். வழக்கமா அவங்கம்மாதான் துவைப்பா.

கடலை ஏழு மூட்டை தேறுச்சு. விலை வழக்கம்போல. அதை அடுத்த பதிவுல எழுதுறேன்.